தாமஸ் ஆலயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

என் தாத்தா பொறையார்ப் பக்கம் உபதேசியாராக இருந்தவர். அவருடைய சின்ன ஆலயத்தில் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம் ஒன்று உண்டு. எலி கடித்த துருத்தியை சைக்கிள் டியூபுக்குப் போடும் பசையால் அவரே ஒட்டி ஒட்டி ஓட்டுவார். பெரிய வெள்ளியன்று ‘இரத்தம் காயம் குத்தும்’ பாட்டை எடுத்தாரென்றால் இரண்டாவது அடி வருவதற்குள் அம்மா முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோய்விடுவார். ஜெர்மன் மிஷனரிமார் கொண்டுவந்த பாட்டு என்று மட்டும் தெரியும். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

அந்த ராகத்தைத் தேடித்தான் லைப்சிக் போனேன். வேலை பெர்லினில். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை கையில் மிச்சமாயிற்று, ரயிலேறிவிட்டேன். ஒன்றேகால் மணி நேரப் பயணம்.

தாமஸ் ஆலயத்துக்கு வெளியே முதலில் கண்ணில் படுவது பாக்கின் சிலை. யோகான் செபாஸ்தியன் பாக், அந்த ராகத்தைத் தன் இசையில் எடுத்தாண்ட ஜெர்மன் இசையமைப்பாளர். சிலை 1908இல் வைத்தது. கோட்டுப் பை ஒன்று உள்பக்கம் வெளியே வந்து தொங்குகிறது. காசில்லாத மனுஷன் என்று சிற்பி சொல்லாமல் சொல்லியிருக்கிறார் என்பார்கள். காசுக்கணக்கில் பாக் கறாரானவர்தான். 1730இல் ஒரு பழைய நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஊரில் காற்று நன்றாக இருந்தால் சாவு குறைகிறது, அடக்க ஆராதனை வருமானமும் குறைகிறது, போன வருடம் 100 தாலருக்கு (அந்தக் கால வெள்ளிக் காசு) மேல் நஷ்டம் என்று புலம்பியிருக்கிறார். படித்தபோது சிரித்தேன். வீட்டில் அத்தனை பிள்ளைகள். பிறந்தது 20 பேர், வளர்ந்து ஆளானவர்கள் 10 பேர்தான். அதை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

உள்ளே வெள்ளைச் சுவர், செங்கல் நிற விலா வளைவுகள். பலிபீடத்துக்கு முன்னால் தரையில் ஒரு வெண்கலப் பலகை, பாக்கின் கல்லறை, அதில் பெயர் மட்டும். மேலே யாரோ வைத்துவிட்டுப் போன பூக்கள். கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்று ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்று கேட்டால் தாத்தாவுக்காக என்றுதான் சொல்ல முடியும்.

1750 ஜூலை 28இல் பாக் இறந்தபோது அவரை இங்கே வைக்கவில்லை. ஊருக்கு வெளியே புனித யோவான் கல்லறைத் தோட்டத்தில், அடையாளக் கல்கூட இல்லாமல் அடக்கம். 1894இல் தோண்டித் தேடி, இவைதான் என்று சில எலும்புகளை எடுத்து யோவான் ஆலயத்தில் வைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் அந்த ஆலயம் குண்டுவீச்சில் போயிற்று. அதன் பிறகுதான், அவர் 27 வருடம் உழைத்த இடத்துக்கே வந்து சேர்ந்தார்.

உழைத்த என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். 1723இல் அவரை நகரசபை எடுத்தது, முதலில் கேட்ட இசையமைப்பாளர் டெலிமானும் அப்புறம் கிராப்னரும் வர முடியாமல் போனதால். வேலை ஆர்கன் வாசிப்பதுகூட அல்ல, அதற்கு வேறு ஆள் இருந்தார். இவர் கேன்டர்: விடுதிப் பையன்களுக்குப் பாட்டு சொல்லித் தர வேண்டும், ஊரின் ஆலயங்களுக்கு இசை கொடுக்க வேண்டும். ஆரம்ப வருடங்களில் ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு கான்டாட்டா, அதாவது குரலும் வாத்தியமும் சேர்ந்த ஆராதனை இசை, எழுதியிருக்கிறார். எழுதி முடித்ததும் ‘தேவனுக்கே மகிமை’ என்பதன் லத்தீன் முதலெழுத்துகளைத் தாளின் கடைசியில் போடுவார்.

மாலை 6 மணிக்கு மோட்டெட் ஆராதனை, பாடகர் குழுவின் பாட்டுகளே பிரதானமான ஆராதனை. 1212இல் தொடங்கிய சிறுவர் பாடகர் குழு இன்றும் பாடுகிறது. மேற்கு மாடத்தில் அவர்கள் நிற்பதால் சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. யாரும் கை தட்டவில்லை.

இடையில் பக்கவாட்டு மாடத்து ஆர்கன் பேசியது. பாக் காலத்து ஆர்கன் இப்போது இல்லை. இது அந்தக் கால முறையில் 2000இல் செய்தது. மெதுவான சின்ன உருப்படி, இரண்டரை நிமிடம் இருக்கும். மேல்குரல் கமகம் மாதிரி வளைந்து நெளிந்து போகிறது. ஏதோ தெரிந்த முகம் கூட்டத்தில் போகிறதே என்று இரண்டு வரி குழம்பினேன். அப்புறம் பிடிபட்டது. ‘இரத்தம் காயம் குத்தும்’. வாய்விட்டுப் பாடிவிடுவேனோ என்று பயந்து கைக்குட்டையைக் கடித்துக்கொண்டேன்.

மெட்டு பாக்குடையது அல்ல. ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் அச்சிட்ட காதல் பாட்டின் மெட்டு அது. பால் கெர்ஹார்ட்டின் சிலுவைப் பாட்டு பிறகு அதில் ஏறிக்கொண்டது. 1727 பெரிய வெள்ளியன்று இதே ஆலயத்தில் மத்தேயு பாடுகள் இசையை, அதாவது மத்தேயு சுவிசேஷத்தின்படி இயேசு பட்ட பாடுகளைச் சொல்லும் இசையை, பாக் முதன்முதலாக நடத்தினார் என்பது அறிஞர்கள் கணிப்பு. அதில் இந்த மெட்டு ஐந்து முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் சுருதி வேறு. ஆண்டவர் உயிர் விட்ட பிறகு வரும் கடைசி முறைதான் எனக்கு எல்லாவற்றிலும் கனமானது.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் கால் வைத்த 1706இல் பாக்குக்கு 21 வயது, ஆர்ன்ஷ்டாட் ஊரில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். நாலு வாரம் லீவு கேட்டு, ஆர்கன் மேதை பக்ஸ்டஹுடவின் வாசிப்பைக் கேட்க லூபெக்வரை நடந்தே போய், நாலு மாதம் கழித்துத் திரும்பியிருந்தார். அந்த வருடம் சபை மேலிடம் கூப்பிட்டு விசாரித்ததில் இன்னொரு புகாரும் உண்டு: பாட்டின் நடுவே விநோத ஸ்வரங்களைச் சேர்த்து சபையாரைக் குழப்புகிறாராம். எங்கள் தாத்தா மேலும் கமிட்டியில் இதே புகார் வந்திருக்கிறது.

வெளியே வந்து அத்தைக்கு போன் போட்டேன். பதிவு செய்ய அனுமதி இல்லாததால் நானே முணுமுணுத்துக் காட்டினேன், மூக்கு உறைகிற குளிரில். கடைசி அடியில் அவரும் சேர்ந்துகொண்டார்.

“ஏண்டா, இது நம்ம பாட்டாச்சே” என்றார். “பரவாயில்லையே, அவ்வளவு தூரம் போயிருக்கே!”