இறங்கும்னு தெரிஞ்சே கட்டின ஜான் ரூட்

நான் சிகாகோல ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரா இருக்கேன். புதுசா டிசைன் பண்றது ரொம்ப கம்மி, பழைய செங்கல் கட்டிடங்களுக்குப் போய் விரிசல் பாக்குறது, எந்தப் பக்கம் எவ்வளவு இறங்கியிருக்குன்னு லெவல் எடுக்குறது, என்ன ரிப்பேர் பண்ணணும்னு ரிப்போர்ட் எழுதி குடுக்குறது, இதான் பொழப்பு. இந்த ஊர்ல ஆர்க்கிடெக்ட்னாலே எல்லாரும் லூயிஸ் சல்லிவன், ஃபிராங்க் லாய்ட் ரைட்னு ஆரம்பிப்பாங்க. என்னைக் கேட்டா ஜான் வெல்பார்ன் ரூட்னுதான் சொல்லுவேன், ஏன்னா மண்ணுக்கு அடியில என்ன நடக்குதுன்னு அவர் அளவுக்கு யோசிச்ச ஆர்க்கிடெக்ட் அந்த காலத்துல ரொம்ப கொஞ்சம் பேர்தான்.

1850ல ஜார்ஜியா மாநிலத்துல லம்ப்கின்ங்கிற சின்ன ஊர்ல பொறந்தவர். உள்நாட்டுப் போர் நடந்தப்ப லிவர்பூலுக்கு அனுப்பிட்டாங்க, திரும்பி வந்து நியூயார்க்ல 1869ல டிகிரி முடிச்சார், அதுவும் சிவில் இன்ஜினியரிங். அவர் கட்டிடங்களைப் பாத்தா இது புரியும். 1871 தீயில சிகாகோவோட நடு ஊரே போயிடுச்சு, திரும்ப கட்டுறதுக்கு ஆள் வேணும்னு நாலா பக்கமிருந்தும் வந்து குவிஞ்சாங்க, இவரும் 1872ல வந்து சேந்தார், அடுத்த வருஷமே டேனியல் பர்ன்ஹாமோட சேந்து சொந்த ஆபீஸ். கிளையண்ட் பேச்சுவார்த்தையெல்லாம் பெரும்பாலும் பர்ன்ஹாம், டிசைன் ரூட்.

இப்ப மண்ணுக்கு வருவோம். சிகாகோல மேல கொஞ்சம் கெட்டி மண்ணு, அதுக்குக் கீழ நல்லா ஈரமான களிமண்ணு, பாறையைத் தொடணும்னா நூறு அடிக்கு மேல கீழ போகணும். அப்போ யாரும் அவ்வளவு ஆழம் போகல. கல்லை பிரமிட் மாதிரி அகலமா அடுக்கி அது மேல பில்லரை நிறுத்துவாங்க, மாடி ஏற ஏற அந்த கல் அடுக்கு பெருசாகி பேஸ்மென்ட்டையே முழுங்கிடும், பாய்லர் வைக்க இடம் இருக்காது. 1882ல மான்டாக் பிளாக்னு பத்து மாடி கட்டிடத்துல ரூட் என்ன பண்ணார்னா, ரயில் தண்டவாளத்தை குறுக்கும் நெடுக்கும் அடுக்கி சுத்தி காங்கிரீட் போட்டார். கல்லு அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது, அதனாலதான் அந்த கல் அடுக்கு உயரமா இருந்தாகணும். தண்டவாளம் வளைவைத் தாங்கும், அதனால மெல்லிசா இருந்தே லோடை அகலமா பரப்பிடும், காங்கிரீட் துரு பிடிக்காம பாத்துக்கும். எவ்வளவு எளிமையான யோசனை பாருங்க!

ஆனா அதை விட எனக்குப் பிடிச்சது, கட்டிடம் மண்ணுக்குள்ள கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்னு அந்த காலத்து ஆளுங்க ஒத்துக்கிட்டதுதான். ஃபிரெடரிக் பாமன்னு ஒரு சிகாகோ ஆர்க்கிடெக்ட் 1873லயே எழுதி வச்சார், ஒவ்வொரு பில்லருக்கும் அடியில தனி ஃபூட்டிங், அதாவது அகலமான அடிப்பாகம், குடு, வர்ற லோடுக்கு ஏத்த அகலத்துல குடு, அப்ப எல்லாம் ஒரே மாதிரி இறங்கும்னு. நான் இன்னைக்கும் சைட்டுக்குப் போனா முதல்ல இதைத்தான் பாக்குறேன். போன வருஷம் ஒரு பழைய அபார்ட்மென்ட், ஓனர் ரொம்ப பயந்து போய் கூப்பிட்டார், செங்கல் ஜாயிண்ட் வழியா படிக்கட்டு மாதிரி ஏறுற விரிசல், மேல் மாடி ஜன்னல் ஒன்னு மூடவே மாட்டேங்குது. கட்டிடம் மொத்தமா எத்தனை இஞ்ச் இறங்கிச்சுன்னு அவர் திரும்பத் திரும்ப கேட்டார், எனக்கு வேண்டியதோ ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் உள்ள வித்தியாசம். மொத்தமா சேந்து இறங்கினா பைப் கனெக்‌ஷன், வாசப்படி இதுலதான் பிரச்சினை, ஒரு பக்கம் மட்டும் இறங்கினாதான் சுவர் கிழியும்.

இதைக் கண்ணால பாக்கணும்னா ஜாக்சன் தெருவும் டியர்பார்ன் தெருவும் சேர்ற இடத்துல இருக்கிற மொனாட்நாக் கட்டிடத்துக்குப் போகணும். வடக்கு பாதி ரூட்டோடது, 1891ல முடிஞ்சது, 16 மாடி, 215 அடி. உள்ள இரும்பு இருக்கு, ஆனா வெளிச்சுவர் செங்கல்தான் சுமையைத் தாங்குது, அடியில 6 அடி கனம். பாஸ்டன்ல இருந்த ப்ரூக்ஸ் சகோதரர்கள்தான் ஓனர், அழுக்கு சேர்ற மாதிரி எதுவும் துருத்திக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு கறாரா சொன்ன ஆளுங்க. வேற யாரா இருந்தாலும் மொட்டைப் பெட்டியா கட்டிட்டுப் போயிருப்பாங்க, ரூட் அந்த சுவரையே அடியில லேசா வெளிய வளைச்சு, உச்சியிலயும் திரும்ப வெளிய வளைச்சு, மூலைகளை இதுக்குன்னே வார்த்த செங்கல் வச்சு மழுக்கி விட்டார். கிட்ட நின்னு அந்த மூலையில கை வச்சு மேல பாத்தீங்கன்னா வளைவு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. சிற்பமே இல்லாம இவ்வளவு அழகா ஒரு கட்டிடத்தை நான் பாத்ததில்ல, இதை அடிச்சு சொல்லுவேன்.

இவ்வளவு கனத்தை களிமண்ணு மேல நிறுத்த அஸ்திவாரத்தை கட்டிடத்தைத் தாண்டி தெருவுக்கு அடியில 11 அடி நீட்டினாங்க. 8 இஞ்ச் இறங்கும்னு கணக்குப் போட்டு கட்டினாங்க. 1905க்குள்ளயே அதைத் தாண்டிருச்சு, தரைத்தளத்தை மாத்தி அமைக்க வேண்டியதாச்சு, கடைசியில 20 இஞ்ச் வரைக்கும் போச்சு, தெருவுல இருந்து ஒரு படி கீழ இறங்கித்தான் உள்ள போகணும். கணக்கு தப்புன்னு எங்க ஃபீல்டுலயே சிலர் ஈஸியா சொல்லிடுறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. களிமண்ணுல இருந்து தண்ணி மெதுவா பிதுங்கி வெளிய போய் வருஷக்கணக்கா இறங்கிக்கிட்டே இருக்கும்ங்கிறதை டெர்சாகிங்கிற இன்ஜினியர் 1920கள்லதான் கணக்கா எழுதினார். அதுக்கு முப்பது வருஷம் முன்னாடி, பாரம் ஏறினா மண்ணு எப்படி நடந்துக்கும்னு சொல்ற மண் மெக்கானிக்ஸ்னு ஒரு பாடமே இல்லாத காலத்துல, இவ்வளவு இறங்கும்னு ஒரு நம்பர் போட்டு அதுக்கு இடம் விட்டு கட்டினதே பெரிய விஷயம். கட்டிடம் இன்னைக்கும் வாடகைக்கு ஓடுது.

தெற்கு பாதியை 1893ல வேற ஆபீஸ், ஹோலபர்ட் அண்ட் ரோச், ஸ்டீல் ஃபிரேம்ல முடிச்சாங்க. சுமையை ஃபிரேமே தாங்கிடும், அதனால சுவர் மெல்லிசு, ஜன்னல் பெருசு, வாடகைக்கு விட இடமும் அதிகம், அதுக்கப்புறம் இவ்வளவு உயரத்துக்கு செங்கல் சுவர்ல யாரும் கட்ட வேண்டிய அவசியமே வரல.

ரூட் அதையெல்லாம் பாக்கல. சிகாகோல நடந்த 1893 உலகக் கண்காட்சிக்கு வேலை சூடு பிடிச்ச நேரம், 1891 ஜனவரியில நிமோனியா வந்து போயிட்டார், 41 வயசு, மொனாட்நாக் கூட அப்ப முடியல. 1905ல அந்த தரைத்தளத்துல வேலை பாத்தப்ப அவர் இருந்திருந்தா 55 வயசுதான் ஆகியிருக்கும். அந்த லெவல் ரீடிங் எல்லாம் அவர் கைக்குப் போயிருந்தா அடுத்த கட்டிடத்துக்கு அஸ்திவாரம் எப்படி வரைஞ்சிருப்பார்னு பாக்க எனக்கு அவ்வளவு ஆசை.