கியர் வண்டி: சில நாட்குறிப்புகள்

செப்டம்பர் 4, 2025, வியாழன்

350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைகிறது, செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வருகிறது என்ற செய்தி நேற்றிரவு தொலைக்காட்சியில் ஓடியபோது, மறுநாளைக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இனி நான் தள்ளிப்போடப் போறதில்லங்க" என்றாள். பதினான்கு ஆண்டுகளாகப் பாளையங்கோட்டையிலிருந்து பள்ளிக்கு ஸ்கூட்டரில் போய்வருபவள் அவள். கியர் வண்டி வாங்க வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் மூன்று ஆண்டுகளாகப் "பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் அண்ணன் 2011-ல் தலைக்கவசத்தைப் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்துக்கொண்டு ஓட்டிப்போய் விழுந்ததும், நாற்பது நாள் மருத்துவமனை வராந்தாவில் நான் படுத்திருந்ததும்தான் அந்தப் "பார்க்கலாம்" என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்தவை என்பதை இன்று அவளிடம் சொன்னேன். "அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதுக்காக ஆசையை விட முடியுமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை.

செப்டம்பர் 6, சனி

ராயல் என்ஃபீல்டு ஷோரூமுக்குப் போனோம். வரவேற்ற இளைஞர் முக்கால் மணி நேரமும் என்னையே பார்த்துப் பேசினார். அவள் கேட்ட கேள்விகளுக்கும் பதில் எனக்கே வந்தது. அதைவிட வருத்தம், இரண்டு கேள்விகளுக்கு அவளை முந்திக்கொண்டு நானே பதில் சொல்லியிருந்தேன். மூன்றாவது முறை, "வாங்கப்போறது அவங்க, அவங்ககிட்டயே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய்த் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அவள் உயரம் 158 சென்டிமீட்டர். கிளாசிக் 350-ன் இருக்கை தரையிலிருந்து 805 மில்லிமீட்டர் உயரம் என்பதால் அதில் உட்கார்ந்தபோது கால்விரல்கள் மட்டுமே ஊன்றின. எடையோ 195 கிலோ. மீட்டியாரின் இருக்கை 765 மில்லிமீட்டர்தான் என்பதால் பாதம் முழுவதும் படிந்தது. எனக்கு அதுவே பிடித்துப்போயிற்று, ஆனால் கால் வைக்கும் இடம் முன்னால் தள்ளியிருப்பது அவளுக்குச் சரிப்படவில்லை. ஹன்டரில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். இன்றே முன்பதிவு செய்யச் சொல்லி அந்த இளைஞர் வற்புறுத்தினார். "இருபத்திரண்டாம் தேதிக்கு அப்புறம் வாரேன்" என்று அவளே முடித்துவிட்டாள்.

செப்டம்பர் 8, திங்கள்

அவளிடம் இருப்பது கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் மட்டுமே. கியர் வண்டிக்குப் புதிதாக எல்எல்ஆர் எனும் பழகுநர் உரிமம் எடுத்து, 30 நாள் கழித்து ஓட்டிக்காட்ட வேண்டும். இணையத்தில் விண்ணப்பிப்பது, சான்றுகளை ஏற்றுவது, கட்டணம் கட்டுவது என்ற வேலைகளை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். எல்எல்ஆர் இன்றே கிடைத்துவிட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

அம்மாவுக்குச் செய்தி தெரிந்துவிட்டது. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குப்பா அவ்வளவு கனமான வண்டி?" என்று என்னிடம்தான் கேட்டார்கள். நான் வாயெடுப்பதற்குள் அவள், "அத்தை, தண்ணிக் குடத்தைத் தூக்கறப்ப யாரும் கனம் பத்திக் கேக்கலியே?" என்றாள். அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாத்து ஓட்டு தாயி" என்று மட்டும் சொன்னார்கள்.

மாலையில் மாமனார் தொலைபேசியில் அழைத்து, வலது காலால் கியரை மாற்று, இடது காலால் பிரேக்கை மிதி என்று மகளுக்குப் பாடம் எடுத்தார். அவரிடம் இருந்த பழைய புல்லட்டில் கியர் வலப்பக்கம் இருந்தது. 1956-ல் சென்னைத் திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பு தொடங்கியதிலிருந்து பல பத்தாண்டுகள் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது எல்லாம் இடம் மாறிவிட்டது என்று அவள் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தாள். அந்த வண்டி என்ன ஆயிற்று என்று பிறகு கேட்டபோது, எங்கள் கல்யாணச் செலவுக்காக விற்றுவிட்டார் என்றாள். பதினான்கு ஆண்டுகளாக எனக்கு இது தெரியாது. இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

மூன்று வாரமாக நண்பரின் ஸ்ப்ளெண்டரில் பழகியவள், இன்று முதல்முறையாக அவர் தம்பியின் 350 சிசி வண்டியை எடுத்தாள். ஓடும்போது எந்தச் சிக்கலும் இல்லை. திருப்பி நிறுத்தும்போது மணல் படிந்த இடத்தில் கால் வழுக்க, வண்டி மெல்ல, மிக மெல்ல, இடப்பக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டது. நான் ஓடினேன். "இருங்க, நானே தூக்கிப் பாக்கேன்" என்று கையைக் காட்டி நிறுத்தினாள். சாவியை அணைத்தாள். ஹேண்டில்பாரைத் தன் பக்கம் முழுவதுமாகத் திருப்பினாள். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையின் ஓரத்தில் இடுப்பை அண்டக்கொடுத்துக் குத்தவைத்து, ஒரு கையால் ஹேண்டில் பிடியையும் மறு கையால் பின் கம்பியையும் பற்றிக்கொண்டு, கைகளால் இழுக்காமல் கால்களால் தரையை உந்தி அடிமேல் அடி வைத்துப் பின்னோக்கி நகர்ந்தாள். முதல் இரண்டு முறை பாதி உயரத்திலேயே நின்றுவிட்டது. மூன்றாவது முறை நிமிர்ந்துவிட்டது. பத்தடி தள்ளி என் கைகளை நானே கட்டிக்கொண்டு நின்றிருந்த அந்த இரண்டு நிமிடங்களைப் போல் கடினமான வேலை எதையும் அண்மையில் நான் செய்யவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

தேர்வில் எட்டுப் போடும்போது இரண்டாவது வளைவில் காலை ஊன்றிவிட்டாள். ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி வர முடியும். ஒரு உறவினர், ஆளைப் பிடித்தால் அலைய வேண்டாம் என்று யோசனை சொன்னார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீடு வரும்வரை நாங்கள் இருவரும் எதுவும் பேசவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

விடியுமுன் பக்கத்துக் காலிமனையில் கோலமாவால் பெரிய எட்டு ஒன்று வரைந்திருந்தாள். முதலில் கோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டியதால் தடுமாறினாள். பார்வையை அடுத்த வளைவின் முடிவில் வைத்து, கிளட்சைப் பாதி பிடித்து, முன் பிரேக்கைத் தொடாமல் பின் பிரேக்கை மட்டும் லேசாக மிதித்தபடி சுற்றத் தொடங்கிய பிறகு வண்டி கோட்டோடு ஒட்டிப் போயிற்று. நாற்பது சுற்றுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். பள்ளிக்குப் போகும் நாள்களிலும் காலையில் அரை மணி நேரம் பழகப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். அதுவரை காலைச் சமையல் என் பொறுப்பு.

அக்டோபர் 23, வியாழன்

தேறிவிட்டாள்.

அக்டோபர் 25, சனி

ஹன்டர் 350-ஐப் பதிவு செய்தாள். அவள் அப்பாவின் பழைய புல்லட் நினைவாகக் கிளாசிக்கைத்தான் எடுப்பாள் என்று இத்தனை நாளும் நான் உறுதியாக நம்பியிருந்ததைச் சொன்னபோது, "அது அப்பாவோட ஆசை. டவுனுக்குள்ள பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவுல ஓட்டப்போறது நான்" என்றாள். இது 181 கிலோ, இருக்கை உயரம் 790 மில்லிமீட்டர். இந்த ஆண்டு வந்த வண்டியில் கிளட்சும் இலகுவாகியிருக்கிறது. நான் வாய்திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், இரு சக்கரங்களுக்கும் உள்ள வகையையே எடுக்க வேண்டும். அவளும் அதையே நினைத்திருந்தாள்.

பணம் முழுவதும் அவளுடையது. விலைப்பட்டியலைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து வரி வரியாகப் பார்த்தோம். வண்டி விலை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் தமிழ்நாட்டில் ஆயுட்கால வரி 12 சதவீதம். மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்தே கட்ட வேண்டும். 150 சிசிக்கு மேல் 350 சிசி வரையிலான வண்டிக்கு அது 7,365 ரூபாய். 349 சிசி என்பதால் இந்த வரம்புக்குள்ளேயே நிற்கிறது. கையாளும் கட்டணம் என்று எழுதியிருந்த தொகை எதற்கு என்று அவள் கேட்டதும் அதை அடித்துவிட்டார்கள்.

தலைக்கவசம் மட்டும் என் செலவு. புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி நாடாவால் அளந்து, ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக, முகம் முழுவதையும் மூடுவதாகத் தேர்ந்தெடுத்தோம். கன்னங்களை அழுத்திப் பிடிக்க வேண்டும், தலையை ஆட்டினால் கவசமும் கூடவே ஆட வேண்டும், தனியாகச் சுழலக் கூடாது. கடைக்காரர் தளர்வான ஒன்றைக் காட்டி "இது சௌகரியமா இருக்கும்" என்றபோது, அண்ணனின் முகம் நினைவுக்கு வந்து, சற்று உரக்கவே மறுத்துவிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

வண்டி வந்தது. சாவியை என்னிடம் நீட்டினார்கள். நான் கையை நீட்டவில்லை, அவள் வாங்கிக்கொண்டாள். துப்பட்டாவை இடுப்பில் இறுகச் சுற்றி முடிந்துகொண்டு வீடுவரை அவளே ஓட்டிவந்தாள். ஸ்கூட்டரில் நான் பின்தொடர்ந்தேன். அம்மா எலுமிச்சம்பழமும் சூடமுமாக வாசலில் நின்றிருந்தார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் போய்வந்தோம். முதல் சர்வீஸுக்கு 500 கிலோமீட்டர் ஆக வேண்டும். அதுவரை ஆக்சிலரேட்டரை அதிகம் முறுக்கக் கூடாது என்பதால் மிதமான வேகத்திலேயே ஓட்டினாள். பதினான்கு ஆண்டுகளில் நான் பின்னால் உட்கார்ந்து போன முதல் நெடும்பயணம் இது. முதல் பத்துக் கிலோமீட்டருக்கு, எதிரே பேருந்து வரும்போதெல்லாம் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. "என் முதுகை உதைக்காதீங்க" என்றாள். சேரன்மகாதேவி தாண்டி இருபுறமும் வயல் வந்தபோது கால் ஓய்ந்துவிட்டிருந்தது.

வழியில் தேநீருக்கு நிறுத்தினாள். கடைக்காரர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம், "எவ்வளவு மைலேஜ் கொடுக்கு சார்?" என்று கேட்டார். நான் அவளைக் கைகாட்டினேன். டம்ளரைக் கையில் பிடித்தபடி அவள் பேசத் தொடங்கினாள். நான் இரண்டாவது டீ சொன்னேன்.