மேட்டூர்ல எத்தனை அடி?

தஞ்சாவூர் பக்கம் ஒரு தனியார் மனநல விடுதியில் மூன்று வருடம் நர்ஸாக இருந்தேன். கென் கேசியின் 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' நாவலை அங்கே நைட் டியூட்டிகளில்தான் படித்தேன். மனநல மருத்துவமனை வார்டில் நடக்கும் கதை, 1962இல் வந்தது. கேசியும் கலிஃபோர்னியாவில் ஒரு படைவீரர் மருத்துவமனையில் நைட் ஷிஃப்ட் உதவியாளராக இருந்தவர் என்று தெரிந்ததும் ஒரு ஒட்டுதல்.

ஆனாலும் முதலில் கோபம்தான். ராட்செட் என்ற நர்ஸை இப்படி அரக்கியாக எழுதியிருக்கிறாரே, நாங்கள் படும் பாடு தெரியுமா இவருக்கு? (பெண்களையும் கறுப்பின உதவியாளர்களையும் அவர் காட்டிய விதம் இன்றைக்கும் எனக்கு ஒப்பவில்லை.) அமெரிக்கப் பள்ளிகளில் ஆபாசம் என்று சொல்லி எதிர்த்தார்கள், 1978இல் ஐடஹோவில் இதைப் பாடமாக வைத்த ஆசிரியருக்கு வேலையே போனது. என்னைச் சுட்டது வேறு இடம். பேஸ்பால் பார்க்க டிவி நேரத்தை மாற்றச் சொல்லி நோயாளிகள் ஓட்டுப் போடுகிறார்கள், கடைசிக் கை உயரும்போது ராட்செட் சத்தமே போடாமல் கூட்டம் முடிந்துவிட்டது என்கிறாள். அங்கே மூடி வைத்துவிட்டேன்.

எங்கள் வார்டில் ஒரு பெரியவர், பாபநாசம் பக்கத்து விவசாயி. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து நிற்பார். "ஏம்மா சிஸ்டர், செய்தி போடேன், மேட்டூர்ல எத்தனை அடின்னு பாத்துக்கிறேன்." வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 தாண்டியும் மேட்டூர் அணை திறக்காத வருடம், குறுவை நெல் போடலாமா வேண்டாமா என்று ஊரே அந்த நம்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு டிவி ஏழு மணிக்குத்தான். நாலாம் நாள் சத்தம் போட்டார். "அமைதியின்றி இருக்கிறார், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்" என்று ரிப்போர்ட் புக்கில் எழுதினேன். பொய்யில்லை. மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர் அதைப் படித்துவிட்டு டோஸைக் கூட்டினார். அப்புறம் பெரியவர் ஆறு மணிக்கு எழுந்து வரவில்லை, நானும் வார்டு அடங்கியது என்று நிம்மதியாகத்தான் இருந்தேன். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளிகளைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. எங்களிடம் சங்கிலி கிடையாது என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வோம்.

நாவலின் கதையைச் சொல்லும் ப்ராம்டன், வார்டைக் கூட்டுகிற ஒரு நோயாளி. காது கேட்காத ஊமையாக நடிப்பவர், அதனால் அவர் முன்னால் எல்லோரும் எல்லாம் பேசுவார்கள். எங்கள் வார்டு கூட்டும் அக்கா முன்னாலும் நாங்கள் அப்படித்தான். புத்தகத்தை முடித்த வாரம்தான் கவனித்தேன், டீக்கடை பேப்பரைப் பார்த்துவிட்டு வந்து, துடைப்பத்தோடு குனிந்து, பெரியவர் காதில் ஏதோ சொல்கிறார்.

"பெரியப்பா, இன்னிக்கு 64 அடி."

அவர் கண்ணைத் திறக்காமலே, "பத்தாதே" என்றார்.