தட்டு நிமிர்த்தும் பெட்டி

ஜூன் 2
வளைந்துபோன இசைத்தட்டுகளைச் சூட்டில் அழுத்தி நிமிர்த்தும் இயந்திரம் வந்துவிட்டது. மூடியைத் திறந்தால் மேலும் கீழும் சூடாகும் உலோகத் தகடுகள், அவ்வளவுதான். ஆனால் லேபிளும் ஓரமும் படும் இடங்களில் தகட்டைச் சற்றே தாழ்த்தியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். பாட்டுப் பதிந்த பகுதியைவிட லேபிளும் ஓரமும் தடிப்பாக இருக்கும் எல்.பி.க்கள் (பெரிய இசைத்தட்டுகள்) ஏராளம், ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒலி பதிந்த பள்ளங்கள் உரசக்கூடாதென்று 1950-களில் வந்த ஏற்பாடு. இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து வெயிலில் காயவிடுபவர்களுக்கு இது நினைவில் இருப்பதில்லை.

ஜூன் 3
முதலில் ஓரம் தூக்கிய தட்டு ஒன்று. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. சுற்றுக்கு ஒருமுறை முள்ளைத் தாங்கும் டோன்ஆர்ம் ஏறி இறங்குகிறது, ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி தரும் வூஃபரின் காகிதமும் கூடவே வெளியே வந்து போகிறது. காதுக்கு எட்டாத அசைவுதான், ஆனாலும் ஆம்ப்ளிஃபயரின் சக்தி அதற்கும் செலவாகிறதே.

கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே உள்ளே வைத்தேன். ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் தகடு அதைப் பள்ளத்துக்குள் அழுத்திவிடும். 55 டிகிரி, இரண்டு மணி நேரம். தட்டு செய்யும் வினைல் பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கும்போதே இளக ஆரம்பிக்கும். பள்ளமோ தலைமுடியைவிட மெல்லியது. சூட்டைக் கூட்டி நேரத்தை மிச்சம்பிடிக்கும் யோசனையே வேண்டாம்.

ஜூன் 4
ராத்திரி முழுக்க மூடியைத் திறக்கவில்லை. உண்மையான வேலை சூட்டில் இல்லை, ஆறுவதில்தான் இருக்கிறது. வெதுவெதுப்பாக இருக்கும்போதே எடுத்தால் வினைல் பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். காலையில் எடுத்தேன். ஆர்ம் அசையவே இல்லை என்று சொல்ல மாட்டேன். உற்றுப் பார்த்தால் தெரியும். வூஃபர் அடங்கிவிட்டது. அது போதும். தட்டில் நிலைமின்சாரம் மட்டும் படபடவென்று பொரிந்தது, பிரஷ் போட்டதும் சரியானது.

ஜூன் 8
மெல்லிய தட்டுகள் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. 180 கிராம் எடையுள்ள தடித்த தட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். முரண்டு பிடிப்பது ஓரத்தில் கிள்ளியதுபோல் மடிந்த சின்ன நெளிவு. மொத்தத் தட்டும் குழிந்திருந்தால் வளைவு பரவலாக இருக்கிறது, எளிதில் படிந்துவிடுகிறது; கிள்ளல் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. திரும்பத் திரும்ப வைத்தும் பாதிதான் குறைந்தது. முள் துள்ளாமல் ஓடுகிறது, அதனால் விட்டுவிட்டேன். இதற்காக 60-ஐத் தாண்டப் போவதில்லை.

ஜூன் 12
இன்று வைத்த தட்டு பலகைபோல் நிமிர்ந்தும் பியானோ ஸ்வரங்கள் இழுத்து இழுத்துத் தள்ளாடுகின்றன. பார்த்தால் நடு ஓட்டை மையத்தில் இல்லை. அச்சடிக்கும்போதே நேர்ந்த கோளாறு; அதற்கு இந்தப் பெட்டியில் வைத்தியம் கிடையாது.

அப்புறம் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள். அவை பெரும்பாலும் அரக்கு. வேறு சுபாவம், அழுத்தினால் உடையும். அவற்றைத் தனி அலமாரிக்கு மாற்றிவிட்டேன். நாளைக்கு 45 சுற்றுத் தட்டுகள்.