களப்பென்றும் ஆறென்றும்

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில் தண்ணீர்தான். எங்கள் வீடுகளில் அதை யாரும் களப்பு என்று சொன்னதில்லை. "ஆத்தில இறால் பட்டிருக்காம்" என்பதுதான் பேச்சு. மேடையில் பேசுகிறவர்களுக்கு அது வாவி. புவியியல் பாடத்தில் மட்டும் களப்பு: மணல்திட்டு மறிக்க, முகத்துவாரம் வழியாக மட்டும் கடலைத் தொடும் ஆழமில்லாத உவர்நீர்.

ஒரு நாள் புவியியல் சேர் கரும்பலகையில் 'மட்டக்களப்பு' என்று எழுதி நடுவில் கோடு கிழித்தார். களப்பு சரி, முன்னால் நிற்பது என்ன? வகுப்பு இரண்டு கட்சியானது. மட்டு என்றால் தேன், அதனால்தான் மீன்பாடும் தேனாடு என்றது ஒரு கட்சி. தோணியில் வந்த முக்குவர் குலத்தார் "இதுதான் எல்லை, மட்டு" என்று நின்ற இடம் என்றது மற்றது. சிங்களத்தில் மடகலபுவ, அதாவது சேற்றுக் களப்பு என்று சேர் மூன்றாவதையும் போட்டார். எனக்குத் தேன் கதை இன்றுவரை ஒட்டவில்லை. கரப்பு என்ற கூடைப்பொறியைக் குத்தி மீன் பிடிக்கிறவர் இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடந்து போய், முழங்கால்வரை கறுப்புச் சேற்றோடு கரையேறுவதைப் பார்த்தவனுக்கு மட்டமான, அதாவது ஆழமில்லாத, களப்பும் பொருந்தும், சேற்றுக் களப்பும் பொருந்தும்.

வாவி வடமொழி வாபியிலிருந்து வந்தது; குளம், கிணறு என்று பொருள். சிங்கள வெவவும் அதே வேர்தான். உப்புத் தண்ணீருக்கு ஏன் அந்தப் பெயர்? பாட்டுக்கு எடுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் கழி, காயல் என்பார்கள். பழவேற்காட்டை ஏரி என்றே சொல்கிறார்கள்.

போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தரிடம் இழந்த கோட்டைக்கு இரண்டு பக்கமும் இந்தக் களப்பே காவல். மாரியில் வாடைக்காற்றுக்குக் கடல் கொந்தளித்தால் கடலோரக் கல்லடியில் வள்ளங்கள் மணலில் ஏறிவிடும். களப்பின் மேலுள்ள கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வீச்சுவலைக்காரர் தங்கள் பாட்டுக்குத் தோணியில் நின்று வலை எறிவார்கள்.

அதே மாரியில் வெள்ளம் ஏறினால் மணல் அடைத்த முகத்துவாரத்தை வெட்டச் சொல்லி வயல்காரர் கேட்பார்கள். வெட்டினால் இறால் கடலுக்கு ஓடிவிடும் என்று மீன்காரர் முறைப்பார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். அந்த வாரம் கிரிக்கெட்டுக்கு ஆள் பிரிப்பதும் அந்தக் கணக்கில்தான்.