சியென்ஃபுவேகோஸ் போகிறவர்களுக்கு: காசு, கரண்ட், சாப்பாடு

கியூபா என்றதும் பலரும் ஹவானாவுக்கும் த்ரினிதாதுக்கும்தான் ஓடுகிறார்கள். போகிற வழியில், தெற்குக் கரையின் பெரிய விரிகுடாவை ஒட்டி இருக்கும் சியென்ஃபுவேகோஸை ஒரு மதியத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கணவன் மனைவியாக இரண்டு இரவு தங்கி, ஊரையும் சாப்பாட்டையும் நிதானமாக அனுபவிக்க அந்த நாட்டில் இதைவிடத் தோதான ஊர் இல்லை என்பது எங்கள் எண்ணம். ஆனால் கையை வீசிக்கொண்டு போகிற இடமில்லை.

முதலில் காகிதங்கள். இ-விசா வேண்டும், மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு முந்தைய 7 நாட்களுக்குள் டி’வியாஹேரோஸ் என்ற நுழைவுப் படிவத்தை இணையத்தில் ஆளுக்கொன்றாக நிரப்பினால் ஒரு கியூஆர் குறியீடு வரும். விமான நிலையத்தில் இணையத்தை நம்ப முடியாது. அதைத் தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம்மவர்கள் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். 2021 ஜனவரி 12க்குப் பிறகு கியூபா போய்வந்தவர்கள் எஸ்டா எனப்படும், விசா இல்லாமல் போக உதவும் இணைய அனுமதியில் அமெரிக்கா போக முடியாது, முறைப்படி விசா எடுக்கவேண்டும்.

அடுத்தது காசு. அமெரிக்க வங்கிகளின் அட்டைகள் அங்கே செல்லாது. மற்ற அட்டைகள் செல்லலாம், ஆனால் ஏடிஎம்மில் கரண்டும் இருக்கவேண்டும், பணமும் இருக்கவேண்டும். மொத்தச் செலவையும் யூரோ நோட்டாகக் கொண்டுபோவதே சரி. 5, 10, 20 நோட்டுகள் நிறைய வேண்டும், ஏனென்றால் 100 யூரோவுக்குச் சில்லறை கிடைக்காது. கிழிந்த நோட்டு, பேனாவால் எழுதிய நோட்டு, யூரோ நாணயம் எதையும் வாங்கமாட்டார்கள். தங்கும் வீட்டுக்கும் டாக்ஸிக்கும் யூரோவாகவே கொடுக்கலாம். தெருச் சாப்பாடு, காபி, குதிரை வண்டிக்கு மட்டும் உள்ளூர் பேசோ போதும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். நாட்டை விட்டு வெளியே வந்தால் அதை யாரும் வாங்கமாட்டார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கென்று இருந்த சியூசி நாணயம் 2021இல் ஒழிந்துவிட்டது. பழைய பயணக்குறிப்புகளில் அந்தக் கணக்கைப் பார்த்தால் நம்பவேண்டாம்.

ஹவானாவிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். வியாசுல் பஸ்ஸுக்கு இணையத்தில் முன்பதிவு செய்யலாம். ஏசி நடுங்க வைக்கும், ஒரு சால்வை கைப்பையில் இருக்கட்டும். டீசல் தட்டுப்பாட்டில் பஸ் ரத்தாவது உண்டு. அதனால் முந்தின நாளே, தங்கியிருக்கும் வீட்டுக்காரரிடம் சொல்லி ஒரு ஷேர் டாக்ஸியைப் பேசி வைப்பது நல்லது.

தங்குவதற்கு ஹோட்டலை விட, ‘காசா பார்ட்டிகுலர்’ எனப்படும் வீடுகளே மேல். கதவில் நீல நிறத்தில், நங்கூரம் மாதிரி ஒரு குறி இருக்கும். போனதும் இருவர் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அது சட்டம், பயப்பட ஒன்றுமில்லை. முன்பதிவு செய்யும்போதே கேட்கவேண்டியது, கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்பதைத்தான். 2024 அக்டோபர் 18 அன்று நாடு முழுவதும் மின்சாரம் ஒரேயடியாக நின்றுபோனது. அதன்பின் மணிக்கணக்கில் மின்வெட்டு சாதாரணம். இன்வெர்ட்டரோ, பேட்டரியில் ஓடும் ஃபேனோ உள்ள வீடாகப் பாருங்கள். பவர் பேங்க், டார்ச், கொசு விரட்டும் களிம்பு, வழக்கமான மருந்துகள் எல்லாம் ஊரிலிருந்தே போகவேண்டும். மருந்துக் கடைகளில் அலமாரி காலியாகத்தான் இருக்கும். பெரும்பாலும் 110 வோல்ட், தட்டைக் கம்பி பிளக். நம்மூர் 230 வோல்ட் கெட்டிலை அதில் சொருகினால் திறன் கால்வாசிக்கு இறங்கிவிடும், வெந்நீர் கொதிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

ஊருக்குள் வழி தவறவே முடியாது. போர்தோவிலிருந்தும் லூயிசியானாவிலிருந்தும் வந்த பிரெஞ்சுக் குடியேறிகள் 1819இல் கட்டம் போட்டு அமைத்த ஊர் இது. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வடக்கு தெற்காக ஓடும் தெருக்களான கயேக்களுக்கு ஒற்றைப்படை எண், கிழக்கு மேற்காக ஓடும் சாலைகளான அவெனிதாக்களுக்கு இரட்டைப்படை எண். “கயே 37, எந்த்ரே 54 இ 56” என்று முகவரி எழுதியிருந்தால், 37ஆம் தெருவில் 54க்கும் 56க்கும் நடுவில் என்று பொருள். அந்த 37தான் பிராதோ, ஊரின் நீண்ட நடைபாதைச் சாலை. அது 54ஐச் சந்திக்கும் இடத்தில் பாடகர் பென்னி மொரேயின் வெண்கலச் சிலை தரைமட்டத்தில் நிற்கிறது. 1919இல் இதே மாகாணத்தின் சாந்தா இசபெல் தே லாஸ் லாஹாஸில் பிறந்தவர்.

காலையில் வெயில் ஏறுமுன் ஹோசே மார்த்தி பூங்கா. அதன் வடபக்கத்தில் 1890இல் திறந்த தோமாஸ் தெர்ரி நாடக அரங்கு. இத்தாலிய ஓபரா பாடகர் கரூசோ பாடிய மேடை இது. பகலில் சிறு கட்டணத்தில் உள்ளே விடுவார்கள். மர இருக்கைகளில் உட்கார்ந்து மேற்கூரை ஓவியத்தை அண்ணாந்து பார்க்க அரைமணி ஒதுக்குங்கள். அன்றைக்கு இரவு நிகழ்ச்சி உண்டா என்று அங்கேயே கேட்டுவிடலாம். சர்க்கரையிலும் அடிமை வணிகத்திலும் சேர்ந்த பணத்தில் எழுந்த கட்டடம் என்பதையும் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. மாலையில் பிராதோ வழியே புந்தா கோர்தாவுக்குக் குதிரை வண்டியில் போங்கள், ஏறுமுன் கட்டணம் பேசிக்கொண்டு. சுமார் 3 கிலோமீட்டர். அங்கே பலாசியோ தே வாயே மாளிகையின் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் விரிகுடா முழுக்கத் தெரியும்.

இனி சாப்பாடு. நல்ல சாப்பாடு காசாவில்தான். ஆனால் இரவுச் சாப்பாட்டைக் காலைப் பலகாரத்தின்போதே சொல்லிவிடவேண்டும். இறாலோ மீனோ வீட்டுக்காரம்மா தேடி வாங்கவேண்டும். சமையலுக்கு மின்சாரத்தை நம்பியிருக்கும் வீடானால் கரண்ட் இருக்கும் நேரத்திலேயே முடிக்கவேண்டும். மாலையில் சொன்னால் முட்டைதான் கிடைக்கும்.

சைவர்கள் “சைவம்” என்று மட்டும் சொன்னால் ஹாம் துண்டு வந்துவிடும். “சின் கார்னே, சின் ஹமோன், சின் போயோ, சின் பெஸ்காதோ” என்று இறைச்சி, ஹாம், கோழி, மீன் நான்கையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். “சின் மான்தேகா” என்றும் சேர்க்கவேண்டும். அது பன்றிக்கொழுப்பு. பயறும் அரிசியும் சேர்த்துச் சமைக்கும் கொங்கிரியில் பார்வைக்குத் தெரியாமல் கலந்திருக்கும்.

கேட்டு வாங்கவேண்டிய பதார்த்தம் யூகா கோன் மோஹோ, அதாவது பூண்டுச் சாறு ஊற்றிய மரவள்ளிக்கிழங்கு. அரைக்கிலோ கிழங்கைத் தோலுரித்து, உப்புத் தண்ணீரில் ஓரங்கள் வெடித்துப் பிளக்கும்வரை வேகவிட்டு, நடு நாரை உருவி எடுக்கிறார்கள். ஆறு பல் பூண்டை உப்போடு உரலில் நசுக்கி, அரை கப் புளிப்பு ஆரஞ்சுச் சாறு விட்டு, மேலே கால் கப் காய்ந்த எண்ணெயை ஊற்றினால் சீறும். பூண்டின் பச்சை வாடை அந்தச் சூட்டில்தான் போகும், ஆனால் எண்ணெய் புகையும் அளவுக்குக் காய்ந்திருந்தால் பூண்டு கருகிக் கசக்கும். கிழங்கு சூடாக இருக்கும்போதே ஊற்றவேண்டும், ஆறிப்போனால் சாறு உள்ளே இறங்காது. ஊருக்குத் திரும்பிச் செய்பவர்கள் ஆரஞ்சுச் சாறும் எலுமிச்சைச் சாறும் சரிபாதி கலந்துகொள்ளலாம்.

தெருவில் குவாரப்போ என்ற கரும்புச்சாறும் காகிதக் கூம்பில் வறுத்த வேர்க்கடலையும் கிடைக்கும். சாற்றில் ஐஸ் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள், தண்ணீர் எங்கே பிடித்தது என்று தெரியாது. கிளம்பும் நாளில் மீதமுள்ள பேசோவைக் காபிப்பொடிக்குச் செலவழித்துவிடலாம். மிஞ்சிய பாராசிட்டமால், சோப்பு, பற்பசையை வீட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அங்கே அவை காசு கொடுத்தாலும் எளிதில் கிடைப்பதில்லை.