கயிற்றில் இரண்டு முடிச்சு

டிராக்டர் தேடி அலைந்த நான்கு மாதத்தில், முதல் மாதம் தவிர, என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சணல் கயிறு இருந்தது. நுனியிலிருந்து முதல் முடிச்சு வரை 1.4 மீட்டர். என் மரவரிசைகளுக்கு நடுவில் கிளை உரசாமல் போகக் கிடைக்கும் இடைவெளி அவ்வளவுதான். இரண்டாவது முடிச்சு வரை 2.1 மீட்டர், அது கொட்டகை வாசலின் உயரம். எந்த வண்டியைக் காட்டினாலும் முதலில் கயிற்றைத்தான் எடுப்பேன். விற்பவர்கள் சிரிப்பார்கள். கயிறு இல்லாமல் அலைந்த முதல் மாதத்தில் நான் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியாது.

நிலம் மூன்று ஏக்கர். பாதி மரங்கள், கால் பங்கு காய்கறிப் பாத்தி, மீதி புல்லும் புதரும். முதல் மாதம் முழுவதும் நான் கேட்ட ஒரே கேள்வி "எத்தனை குதிரைத்திறன்?" என்பதுதான். யாரைக் கேட்டாலும் பெரியதாகவே எடுத்துக்கொள், பின்னால் வருத்தப்படமாட்டாய் என்றார்கள். அந்தப் பேச்சில் மயங்கி 45 குதிரைத்திறன் வண்டிக்கு முன்பணம் கொடுக்கவே கிளம்பிவிட்டேன். நல்லவேளையாக, அதற்கு முன் உறவினர் ஒருவருடைய அதே அளவு வண்டியை ஒரு நாள் இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். முதல் வரிசையிலேயே மட்கார்டு இரண்டு கிளைகளை முறித்தது. வரிசை முடிவில் திரும்ப மூன்று முறை பின்னால் எடுத்து முன்னால் விட வேண்டியிருந்தது. இரண்டு டன் எடை பாத்தியோரமாகப் போன தடத்தில் மறுநாள் மண்வெட்டி இறங்கவில்லை.

அன்று மாலை ஒரு நோட்டை எடுத்து, ஆண்டு முழுவதும் என் நிலத்தில் இயந்திரம் செய்ய வேண்டிய வேலைகளை மணிக்கணக்கில் எழுதினேன். ஏறக்குறைய 120 மணி நேரம் வந்தது. அதில் 70 மணி புல் வெட்டுவது, 25 மணி ரோட்டவேட்டர், அதாவது சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி. மீதியில் பெரும்பகுதி டிரெய்லர் இழுப்பதும் மருந்து தெளிப்பதும். ஆழ உழவுக்கு வெறும் 4 மணி. அந்த நான்கு மணி நேரத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் 45 குதிரைத்திறனைத் தேடிக்கொண்டிருந்தேன்! அதை வாடகை வண்டியிடம் விட்டுவிடலாம் என்று முடிவு செய்ததும் பாதிப் பாரம் இறங்கியது. கயிற்றில் முடிச்சு போட்டது அந்த இரவில்தான்.

அடுத்து, விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் போடும் எண்ணை நம்பக்கூடாது என்று கற்றுக்கொண்டேன். அது எஞ்சினின் திறன். ரோட்டவேட்டரையும் புல்வெட்டியையும் சுழற்றுவது, எஞ்சினின் சக்தியைக் கருவிகளுக்குக் கடத்தப் பின்னால் இருக்கும் பி.டி.ஓ. (பவர் டேக்-ஆஃப்) தண்டு. எஞ்சின் திறனில் பெரும்பாலும் 80 முதல் 90 விழுக்காடுதான் அங்கே வந்து சேரும். 24 குதிரைத்திறன் என்று எழுதிய வண்டியில் பி.டி.ஓ. திறன் 20 இருந்தாலே நல்லது. நான்கடி ரோட்டவேட்டருக்கு அது போதும். ஐந்தடியை மாட்டினால் ஈர மண்ணில் எஞ்சின் திணறும். ரோட்டவேட்டரின் அகலம் பின் டயர்களின் வெளிவிளிம்பையாவது மூட வேண்டும். இல்லாவிட்டால் கிளறிய மண்ணில் டயர்த் தடம் மட்டும் இறுகிக் கிடக்கும். 1.4 மீட்டர் இடைவெளி, 1.2 மீட்டர் ரோட்டவேட்டர், 1.1 மீட்டருக்குள் டயர் அகலம் என்று கணக்கு தானாக அமைந்தது. சில வண்டிகளில் பின்சக்கர வட்டைத் திருப்பிப் போட்டு அகலத்தைக் குறைக்கலாம் என்பதை ஒரு பட்டறைக்காரர் காட்டினார். இது தெரியாமல் இரண்டு நல்ல வண்டிகளை ஏற்கெனவே தள்ளியிருந்தேன்.

கிளட்ச் விஷயம் எனக்கு ஒரு வேலிக்கம்பத்தை விலையாகக் கொடுத்த பிறகுதான் புரிந்தது. பழைய வண்டி ஒன்றைப் பின்னால் சுழல் புல்வெட்டியோடு ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலி நெருங்கியது. கிளட்சை முழுவதும் மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல நிதானமாக முன்னே போய்க் கம்பத்தைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது. பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கூட வந்த மெக்கானிக் சிரித்துக்கொண்டே விளக்கினார்: "தம்பி, இது ஒற்றைக் கிளட்ச். கிளட்சை மிதித்தால் எஞ்சின்தான் விலகும். பி.டி.ஓ.வும் சக்கரமும் கியர்பெட்டி வழியாகச் சேர்ந்தே இருக்கும். சுழலும் கத்தியின் வேகம் திரும்பி வந்து வண்டியைத் தள்ளும்." தண்டில் ஒருவழிக் கிளட்ச் ஒன்றைச் சேர்த்தால் இந்தத் தள்ளல் நின்றுவிடுமாம். ஆனால் இன்னொரு தொல்லை அப்படியே இருக்கும். அடர்ந்த புல்லில் வண்டியை நிறுத்தி, கத்தியை மட்டும் சுழலவிட்டுச் சிக்கலை விடுவிக்க ஒற்றைக் கிளட்சில் முடியாது. இரட்டைக் கிளட்சில் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், கத்தி சுழலும்; முழுதும் மிதித்தால் இரண்டும் நிற்கும். 70 மணி நேரம் புல் வெட்டப் போகிறவனுக்கு இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. ஒற்றைக் கிளட்ச் வண்டிகளை அன்றே பட்டியலிலிருந்து அடித்தேன். கம்பத்துக்கான பணத்தை உரிமையாளர் வாங்க மறுத்தார். நானே போய் நட்டுக் கொடுத்தேன்.

பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுற்றுகிறது, அதாவது ஒரு நொடிக்கு ஒன்பது சுற்று. தளர்ந்த துணி நுனி அதில் சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. பார்த்த பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் அந்தத் தண்டின் பிளாஸ்டிக் உறை காணாமல் போயிருந்தது. உறை எங்கே என்று கேட்டால் "அது தேவையில்லை" என்பதே பதில். அப்படிச் சொன்னவர்களிடம் வேறு எதைக் கேட்டும் நான் நம்பவில்லை.

பின்னால் மாட்டும் கருவியைத் தூக்கும் திறனிலும் ஒரு தந்திரம் உண்டு. 750 கிலோ என்று எழுதியிருப்பார்கள். அது கருவியை மாட்டும் கீழ்க்கைகளின் நுனியில் அளந்தது. கருவியின் எடை அங்கிருந்து பின்னால் தள்ளித்தானே இருக்கிறது? 61 சென்டிமீட்டர் பின்னால் அளந்தால் எண் நன்றாகவே இறங்கிவிடும். 400 லிட்டர் மருந்துத் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே 400 கிலோ. தூக்கிவிடும், ஆனால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. நான் 200 லிட்டர்த் தொட்டியோடு நிறுத்திக்கொண்டு, முன்னால் எடைக்கட்டைகளும் வாங்கினேன்.

கியரா, எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் ஹைட்ரோஸ்டேட்டிக்கா என்று ஒரு வாரம் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். முன்னால் மண் அள்ளும் லோடர் மாட்டி நாள் முழுவதும் முன்னும் பின்னும் போகிறவர்களுக்கு ஹைட்ரோஸ்டேட்டிக் சுகம். பெடலை அழுத்தினால் போகும், விட்டால் நிற்கும். விலை கூடுதல், பி.டி.ஓ.வுக்குப் போக வேண்டிய திறனிலும் கொஞ்சம் தின்றுவிடும். எனக்கு லோடர் வேலையே இல்லை. மெதுவாக ஒரே சீராகப் போகும் கியர் வண்டிதான் ரோட்டவேட்டருக்குப் பிடித்திருந்தது. நான்கு சக்கர இயக்கம் வேண்டும் என்பதில் மட்டும் சந்தேகம் வரவில்லை, என் நிலத்தின் ஒரு மூலை மழைக்குப் பின் பத்து நாள் ஈரமாகவே கிடக்கும்.

கடைசியில் மூன்று பழைய வண்டிகள் மிஞ்சின. முதலாவதைப் பார்க்கக் காலை ஏழு மணிக்குப் போனேன். எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதைக் காட்ட விருப்பமில்லை போலும். இன்னொரு நாள் சொல்லாமல் போய் நின்றேன். கிளப்பியதும் நீலப் புகை, நிற்கவே இல்லை. எஞ்சின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். இரண்டாவதில், எஞ்சின் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மணிமானி 900 என்று காட்டியது. ஆனால் கிளட்ச் பெடலின் இரும்பு நடுவில் குழிந்து பளபளத்தது. 900 மணியில் அப்படித் தேயாது. முன் டயர்களும் வேறு அளவில் மாற்றப்பட்டிருந்தன. நான்கு சக்கர இயக்கத்தில் முன்பின் டயர்களின் விகிதம் பிசகினால் கியர்பெட்டிதான் தேயும்.

மூன்றாவது, 24 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைவான எடை. எஞ்சின் ஆயிலில் பால்போன்ற கலங்கல் இல்லை, முன் அச்சைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இல்லை. வடிகட்டியும் கிளட்ச் தட்டும் அருகில் கிடைக்குமா என்று இரண்டு பட்டறைகளில் விசாரித்த பிறகே பணம் கொடுத்தேன். முதல் முடிச்சுக்குள் தாராளமாக அடங்கியது.

இரண்டாவது முடிச்சில்தான் தோற்றேன். கவிழ்ந்தால் காப்பாற்றும் கம்பிச்சட்டம் நிமிர்ந்த நிலையில் வண்டியின் உயரம் 2.3 மீட்டர். சட்டம் மடியும் வகைதான். ஆனால் மடித்த நிலையில் சீட்பெல்ட் போடக்கூடாது, கவிழ்ந்தால் வண்டிக்கடியில் மாட்டிக்கொள்வோம். நிமிர்த்தியபின் பெல்ட் போடாமல் ஓட்டவும் கூடாது. அதனால் தினமும் மாலையில் கொட்டகை வாசலில் இறங்கி, துருப்பிடித்த பின்னைச் சுத்தியலால் தட்டிச் சட்டத்தை மடிக்கிறேன். காலையில் வெளியே வந்ததும் மறுபடி நிமிர்த்துகிறேன். வாசலின் மேற்சட்டத்தை ஓரடி உயர்த்தக் கொத்தனாரிடம் சொல்லியாயிற்று. அடுத்த வாரம் வருவதாகப் போன மாதம் சொன்னார்.